கண்ணீருக்குக் கண்ணீர் பதிலாகுமா?

2024ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் ஓர் இளம் பொறியாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனைவி தரப்பினர் தொடுத்த வழக்குகளும், அவற்றுக்காக ஊர்விட்டு ஊர் அலைந்த அலைச்சலும் தம்மை அந்த முடிவுக்குத் தள்ளின என்று 24 பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். ஆறு மாதங்கள் கழித்து, 2025 ஜூனில், நம் திருப்பூர் மாவட்டத்தில் மணமாகி மூன்று மாதங்கூட நிறையாத ஓர் இளம்பெண், புகுந்த வீட்டில் தாம் பட்ட துன்பத்தைத் தந்தைக்குக் குரல் பதிவுகளாக அனுப்பிவிட்டு அதே முடிவைத் தேடிக்கொண்டார். இரண்டும் நாடறிந்த செய்திகள்.

இவ்விரு சாவுகளையும் குறித்து மக்கள் பேசியதைக் கேட்டவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். முதலாவதற்குக் கொதித்தெழுந்து, “பெண்ணியம் செய்த வேலை இது” என்றவர்களில் பலர், இரண்டாவதைக் கேட்டதும், “இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை கிடையாது” என்றார்கள். இரண்டாவதற்குக் கண்ணீர் வடித்தவர்களிலும் சிலர், முதலாவதைப் பற்றிப் பேச்செழுந்தபோது, “நாள்தோறும் பெண்கள் சாகிறார்கள், ஓர் ஆண் செத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று கேட்டவர்கள்தாம். இறந்தவர் இருவருக்கும் இரங்கியவர்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர்கள் குரல் வெளியே கேட்கவில்லை. தராசின் ஒரு தட்டில் ஒரு பிணத்தை வைத்து, மறுதட்டில் இன்னொன்றைத் தேடுகிறவர்களின் குரலே ஓங்கியிருந்தது.

ஒருவர் துயர் மற்றவர் துயருக்குப் பதிலாகுமா? ஆண்களின் உரிமை என்றும் பெண்ணியம் என்றும் இன்று நம் நாட்டில் நடக்கும் வாதம் முழுவதற்கும் அடியில் கிடக்கும் கேள்வி இதுதான்.

இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முறை ஒன்றுண்டு. புனித தோமா அக்குவினாஸ் தாம் ஏற்காத கருத்தை முதலில் எடுத்து நிறுத்துவார். அதைப் பேசுகிறவனே பேசுவதைக் காட்டிலும் நன்றாகப் பேசுவார். அதன் பிறகே தம் விடையைத் தொடங்குவார். ஆண்களின் முறையீட்டையும் அவ்வாறே முதலில் முழுமையாகக் கேட்போம்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர் என்று தேசியக் குற்றப் பதிவேடுகள் அமைப்பு கணக்குத் தருகிறது. அவர்களில் ஆண்கள் 1,22,724 பேர். அதாவது நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர். இந்த எண்ணைக் கேட்டு எந்த மேடையும் அதிர்வதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடிபடும் கணவனுக்கு இடமில்லை. அப்படி ஒருவன் சொன்னாலும் கேட்பவர் சிரிப்பார்கள். பிரிந்து வாழும் தந்தை தன் பிள்ளையைக் குறித்த நாளில், குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்கு மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498-ஏ என்னும் பிரிவு. கணவனும் அவன் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்னும் எண்களில் வாழ்கிறது. இப்பிரிவு செல்லும் என்று 2005இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, தவறாகப் பயன்பட்டால் இது புதியதொரு சட்டப் பயங்கரவாதமாகிவிடும் என்றும் எச்சரித்தது. அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் வந்த தீர்ப்பு எண்களையே எடுத்து அடுக்கியது: 2012இல் மட்டும் இப்பிரிவில் கைதானவர்கள் 1,97,762 பேர், அவர்களில் 47,951 பேர் பெண்கள், அதாவது மாமியாரும் நாத்தனாரும், குற்றப்பத்திரிகை தாக்கலாவது நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல், தண்டனை பெறுவதோ பதினைந்துதான். காவலர் எடுத்த எடுப்பில் கைதுசெய்யலாகாது என்ற கட்டுப்பாடு அத்தீர்ப்பால் வந்தது.

இது வலிமையான முறையீடு. இதைப் பெண்வெறுப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள் எளிய வழியைத் தேடுகிறவர்கள்.

பதினைந்து என்னும் அந்த எண்ணருகே சற்று நிற்க வேண்டும். வாதத்தில் ஈடுபடும் இரு தரப்பாருக்கும் அது தம் பக்கச் சான்றாகவே தெரிகிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து பொய் வழக்கு என்கிறார் ஒருவர். நீதிமன்றம் எண்பத்தைந்து பெண்களைக் கைவிட்டது என்கிறார் மற்றவர். பங்கு நடத்தும் எவரையும் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார். பிணக்குற்ற குடும்பங்களின் சமரசப் பேச்சு பல வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. அங்கே நான் கண்டது இது: மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்த பெண், இரண்டாண்டு கழித்து நீதிமன்றத்தில் தனக்கு ஒன்றும் நேரவில்லை என்கிறாள். போட்ட நகை திரும்பி வந்திருக்கும். அல்லது பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அல்லது தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் வழக்கு ஒன்று நிற்கலாகாது. புகார் உண்மை, வழக்கு விடுதலையில் முடிந்தது. இதற்கு நேர்மாறானதையும் கண்டிருக்கிறேன். கணவன் கை நீட்டியது மெய். அதோடு, வேற்றூரில் வாழ்ந்து ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் வந்துபோகும் அவன் அக்காள் பெயரையும், நடமாட முடியாத கிழவர் பெயரையும் எழுதுபவர் எவரோ புகாரில் சேர்த்துவிட்டார். அங்கே மெய்யும் பொய்யும் ஒரே தாளில் இருந்தன. முழுப் பொய்யான புகார்களும் உண்டு. அத்தகைய ஒன்றில் சிக்கிச் சிறை சென்று வந்த இளைஞன் ஒருவன் பல மாதங்கள் பூசைக்கு வரவில்லை. நற்கருணை வாங்கக்கூடாதவன் என்று ஊர் அவனை எண்ணுவதாக அவன் எண்ணினான். அந்த எண்பத்தைந்தில் இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். யார் யார், எத்தனை எத்தனை என்று அந்த எண் சொல்லாது.

சட்டம் ஒருபக்கம் சாய்ந்திருப்பதேன் என்றும் பார்க்க வேண்டும். வானத்திலிருந்து விழுந்த சாய்வன்று அது. வரதட்சணைச் சாவுகள் இன்றும் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேல் பதிவாகின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் கணவனின் வன்முறையை அறிந்தவர்கள். நம்மவரைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில், மனைவி கற்பு தவறினாள் என்பது ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ கணவன் தவறினான் என்பது போதாது. கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் அதனோடு சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அத்தோடு, தன் மனைவியோடு தவறியவனிடம் கணவன் நட்டஈடு கேட்கலாம். களவுபோன மாட்டுக்குக் கேட்பதுபோல. மணமுறிவைத் திருச்சபை ஏற்பதில்லை என்பது வேறு செய்தி; நாட்டின் சட்டப் புத்தகத்தில் நம் பெயரால் இருந்த ஏற்பாடு இது. 2001இல்தான் அது மாறியது. 132 ஆண்டுகள்! அந்தச் சாய்வு நம் ஆண்களுக்குச் சாய்வாகவே தெரியவில்லை.

இதை இன்று பொய் வழக்கில் தவிக்கும் இளைஞனுக்கு விடையாகச் சொன்னால், நானும் அந்தத் தராசைத்தான் தூக்கியவனாவேன். அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துச் சட்டத்துக்கு அவன் ஏன் வட்டி கட்ட வேண்டும்? சட்டம் எங்கிருந்து வந்தது என்று விளக்க இந்த வரலாறு உதவும். அவன் கண்ணீருக்கு இது மறுமொழி ஆகாது.

மீண்டும் அந்த 1,22,724 என்ற எண்ணுக்கு வருவோம். யார் இந்த ஆண்கள்? அதைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஏனோ கேட்பதில்லை. அதற்கு முந்திய ஆண்டின் கணக்கில் விடை இருக்கிறது. 2021இல் மாண்டவர்களில் நாட்கூலிகள் 42,004 பேர். எல்லாரிலும் நான்கில் ஒருவர். இவர்களில் 37,751 பேர் ஆண்கள். கட்டடத்தில் கல் சுமப்பவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், சூளையில் முன்பணம் வாங்கிவிட்டு அதை அடைக்க முடியாமல் தவிப்பவர்கள். இவர்களில் பெரும்பாலோர் 498-ஏ என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். கடன், நோய், குடி, வேலையின்மை ஆகியவை இவர்கள் வாசலில் நிற்கின்றன. ஆண்களின் துயரைப் பேசுவதாகச் சொல்லும் வாதத்தில் இவர்கள் எண்ணாகப் பயன்படுகிறார்கள், மனிதராக வருவதில்லை. பெண்ணியவாதி ஒருவரை மடக்கியாயிற்று என்றால், சுட்டிக்காட்டியவருக்கு அந்த எண் அதற்குமேல் வேண்டியிருப்பதில்லை. கூலி உயர்வுக்கோ, கந்துவட்டிக்கு எதிராகவோ அவர் நடந்த ஊர்வலத்தை நான் இன்னும் காணவில்லை.

நடந்தவர்கள் உண்டு. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டா என்னும் சிற்றூரில், எழுத்தறிவு வகுப்புக்கு வந்த ஏழைப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தார்கள். அந்தத் தீ ஊர் ஊராகப் பரவி, 1993இல் மாநில அரசு சாராயத்தைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. தங்கள் கூலியைக் காக்கவும், தங்கள் முதுகைக் காக்கவும் போராடினார்கள் என்பது மெய். அவர்கள் காக்கப் புகுந்ததில் கணவன்மாரின் ஈரலும் இருந்தது. அதை ஆண்களின் நலனுக்கான போராட்டம் என்று யாரும் பெயரிடவில்லை. நம் மாநிலத்தில் 2003 முதல் அரசே சில்லறையாக மது விற்று வருகிறது; கடையை அகற்று என்று வெயிலில் சாலையில் உட்காருகிறவர்கள் இங்கும் பெரும்பாலும் பெண்களே.

இதனால் பெண்ணியம் பேசுவோர் எல்லாரும் ஆண்களின் துயரை உணர்ந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண் அழுதால் அதை நையாண்டி செய்யும் வழக்கம் அங்கேயும் புகுந்திருக்கிறது. அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 2004இல் ஆண்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஆதிக்கம் செய்யப் பழக்கப்படும் சிறுவன் முதலில் தன் மனத்தையே ஊனமாக்கிக்கொள்கிறான் என்பது அதன் சாரம். அதே நாட்டில் பெண்ணிய அமைப்பொன்றின் நியூயார்க் கிளையில் 1970களில் முன்னணியில் நின்ற வாரன் ஃபாரல், 1993இல் ஆணின் அதிகாரம் என்பதே கட்டுக்கதை என்று எழுதி எதிர்முகாமின் ஆசானாகிவிட்டார். அவர் சொன்னவற்றுள் சிந்திக்கத்தக்கவை உண்டு; போர்முனைக்கும் சுரங்கத்துக்கும் ஆணையே அனுப்பும் உலகம் அவனைச் செலவழிக்கத்தக்க பொருளாகக் காண்கிறது என்பது ஒன்று. ஆனால் அந்தப் பொருளாக்கலைச் செய்தது பெண்களா? படையை அனுப்பிய அரசர்களும் சுரங்க முதலாளிகளும் யார்?

ஒரு சிறு இலக்கணச் செய்தி. “ஆண்களுக்கும் துயர் உண்டு” என்பது ஓர் உண்மை. “ஆண்களுக்கும்தான் துயர் இருக்கிறதே!” என்பது வேறொரு பேச்சு. நம் இலக்கண ஆசிரியர்கள் ஏகாரத்துக்குப் பிரிநிலை, வினா, தேற்றம் என்று பல பொருள் வகுத்திருக்கிறார்கள். இந்த ஏகாரத்துக்கு வாயடைப்பு என்று ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். யாராவது ஒரு பெண் தன் துன்பத்தைச் சொன்ன அடுத்த கணத்தில்தான் இது பிறக்கும். வேறு நாட்களில் அதே மனிதரிடம் ஆண்களின் துயரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. நவம்பர் 19ஆம் நாள் அனைத்துலக ஆண்கள் நாள். 1999இல் டிரினிடாடில் தொடங்கியது. அந்த நாள் ஓசையின்றிக் கடந்து போகும். மார்ச் 8 வந்தால்தான், “ஆண்களுக்கு ஏன் ஒரு நாள் இல்லை?” என்ற குரல் எழும்.

தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. கடவுள் ஆதாமிடம் கேட்டது அவனைப் பற்றி. அவன் சொன்ன விடையோ அவளைப் பற்றி. அவளைக் கேட்டபோது அவள் பாம்பைக் காட்டினாள். கேள்வி அங்கேயே நிற்க, விடைகள் அடுத்தவரை நோக்கி ஓடின. இதற்கு எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1995இல் பீஜிங்கில் பெண்கள் மாநாடு கூடுவதற்கு முன், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலகப் பெண்களுக்கு ஒரு மடல் வரைந்தார். பெண்களின் மாண்பு மிதிபட்டதில் திருச்சபையின் மக்கள் பலருக்கும் பங்கிருந்தால் அதற்காக உண்மையாகவே வருந்துவதாக அதில் எழுதினார். எனக்குப் பிடித்தது அந்த வருத்தத்தின் பின்னால் ஏகாரம் ஏதும் ஒட்டிக்கொண்டு வராதது. ஆண்களும் துன்புற்றார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? கல்லுடைக்கும் தொழிலாளியாக உழைத்தவர் அவர்.

நம் மண்ணிலேயே, நம் சபையிலேயே, இந்த வாதத்தைத் தாண்டி நின்ற ஒருவரையும் நாம் மறந்துபோகிறோம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பெண்கள் படிக்க வேண்டும் என்று அன்றே எழுதியவர். 1879இல் வந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தில், முறைகெட்ட ஓர் ஊரில் நாயகன் அநியாயமாகச் சிறைப்படுகிறான். ஆண்வேடம் பூண்டு அவனைத் தேடி வந்த ஞானாம்பாள், அவ்வூரின் அரசாட்சியே தன் கைக்கு வர, அவனை விடுவிக்கிறாள். நீதிபதியாக இருந்து பொய் வழக்குகளை நேரில் கண்ட ஒருவர் கட்டிய கதை இது. பொய்யாகத் தண்டிக்கப்பட்ட ஆணுக்கு நீதி கிடைப்பதற்கும், பெண் கல்வி பெற்று அதிகாரத்தில் அமர்வதற்கும் இடையே அவர் எந்தப் பகையையும் காணவில்லை.

பகை எங்கே விளைகிறது என்று கேட்டால், ஓலை வாசிப்பதற்கு முன் நடக்கும் பேச்சில் என்பேன். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்கிறோம். தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்கிறோம். அதற்குள் இத்தனை பவுன், இன்ன வண்டி என்று வெளியே முடிவாகியிருக்கும். அதை யாரும் தடையாக வந்து அறிவித்ததில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணை வாங்குவதைப் போலவே கொடுப்பதையும் குற்றம் என்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாப்பிள்ளையின் பக்கத்தையும் பாருங்கள். பல வீடுகளில் அவன் வாங்கும் பணம் அவன் கைக்கு வருவதில்லை. தங்கையின் கலியாணக் கடனுக்குப் போகிறது. விலை பேசப்பட்டவன் அவனும்தான். வாங்கிய விலைக்கு ஏற்ற வாழ்வை அவன் காட்ட வேண்டும். காட்ட முடியாதபோது வீட்டில் குரல் உயர்கிறது, கை ஓங்குகிறது. கை ஓங்கியது அவன் குற்றம். அதற்கு அவனே பொறுப்பு. ஆனால் அவனையும் அவளையும் ஒரே சந்தையில் நிறுத்திய பெரியவர்கள், பின்னர் சமரசப் பேச்சில் நீதிமான்களாக எதிரெதிரே உட்காரும்போது எனக்குக் கோபம் வருவதுண்டு.

இனிச் செய்யக்கூடியது என்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. பங்கில் பெண்களுக்கு மாதர் அமைப்பு உண்டு. அன்பியக் கூட்டங்களிலும் பெரும்பாலும் அவர்களே. ஆண்கள் கூடுவது திருவிழாக் கணக்குக்கும் கோவில் வரிக்கும். ஒரு மனிதனிடம் “இரவில் தூங்கினாயா?” என்று கேட்பதற்கு இடமே இல்லை. கடந்த தவக்காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆண்கள் மட்டும் ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று அறிவித்தேன். முதல் வாரம் மூவர் வந்தார்கள். கொடிமரத்துக்கு வண்ணம் பூசுவது பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். நான்காம் வாரம் ஒரு கொத்தனார் வாய் திறந்தார். அவரும் அவர் மனைவியும் சம்மதித்ததால் எழுதுகிறேன்.

“மேஸ்திரி ரெண்டு மாசமா காசு தரல, சாமி. வீட்ல சொல்லல. வட்டிக்கு வாங்கிக் குடுத்துட்டு இருக்கேன். சொன்னா நீயெல்லாம் ஆம்பளையான்னு கேப்பாங்க.”

“யார் கேட்டது?” என்றேன்.

சற்று யோசித்தார். “யாரும் கேக்கல சாமி. கேப்பாங்கன்னுதான்.”

மறுவாரம் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். கணவருக்குத் தெரியாமல் மகளிர் குழுவில் தாமும் ஒரு கடன் வாங்கியிருப்பதாகவும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக என்றும், அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டார். அன்று மாலை இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கடனையும் மகளின் பழைய நோட்டில் எழுதிக் கூட்டினார்கள். வட்டி அதிகமாக இருந்தது கணவருடையது. அதை முதலில் அடைப்பது என்று முடிவாயிற்று. மேஸ்திரியிடம் கூலி கேட்கப் போகும்போது தாமும் உடன் வருவதாக அந்த அம்மாள் சொன்னார்.